தமிழ் மின்னூல்கள்

தமிழ் மின்னூல்கள் என்பவை கணினி, கைபேசி, மின்னூல் வாசிப்பான் போன்ற கருவிகளில் படிப்பதற்கேற்ப எண்ணிம வடிவில் வெளியிடப்படும் தமிழ் நூல்கள் ஆகும். அச்சில் வந்த நூலின் எண்ணிமப் படியாகவும், அச்சு வடிவமே இல்லாமல் நேரடியாகவும் இவை வெளிவருகின்றன. 1990களின் இறுதியில் தன்னார்வலர்களின் தட்டச்சு முயற்சியாகத் தொடங்கிய தமிழ் மின்னூலாக்கம், 2010களில் வணிகப் பதிப்புத் துறையின் ஒரு பகுதியாகவும் ஆனது.

அச்சு நூலைப் படிக்க எழுத்தறிவு போதுமானது. மின்னூலைப் படிக்க எழுத்துக் குறியேற்றம், கோப்பு வடிவம், மென்பொருள், உரிமம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைய வேண்டும். இவற்றுள் ஒன்று வழக்கொழிந்தாலும், கோப்பு கையில் இருந்தும் நூலைப் படிக்க இயலாமற் போகலாம். நூலைப் படியெடுப்பது மிக எளிதாகவும், எடுத்த படியை நெடுங்காலம் காப்பது கடினமாகவும் ஆகியிருப்பது எண்ணிமப் பதிப்பு நூலுலகில் ஏற்படுத்தியுள்ள முதன்மையான மாற்றம் எனலாம்.

வகைகள்

உள்ளடக்கம் சேமிக்கப்படும் முறையைக் கொண்டு மின்னூல்களை இரண்டாகப் பிரிக்கலாம்.

• படவடிவ மின்னூல்: நூலின் பக்கங்கள் வருடி மூலம் படங்களாக எடுக்கப்பட்டுத் தொகுக்கப்படுகின்றன. மூலநூலின் எழுத்தமைப்பு, பக்க எண், அட்டை, ஓரக்குறிப்பு ஆகியன அப்படியே கிடைக்கும். ஆனால் கணினியைப் பொறுத்தவரை இது எழுத்தன்று, ஒளிப்படம் மட்டுமே. இதில் ஒரு சொல்லைத் தேட இயலாது.

• உரைவடிவ மின்னூல்: ஒவ்வோர் எழுத்தும் கணினிக்குரிய குறியெண்ணாகச் சேமிக்கப்படுகின்றது. இதில் சொற்களைத் தேடலாம், எழுத்தின் அளவை மாற்றலாம், பிற வடிவங்களுக்கு மாற்றலாம். ஒருங்குறியில் பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கின்றது. அவ்வாறிருந்தும் முந்நூறு பக்க உரைநடை நூல் ஒன்று சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். அதே நூலின் தெளிவான படவடிவம் இதைப் போன்று பல மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும்.

ஆய்வாளருக்கு மூலத்தின் சான்றாகப் படவடிவமும், வாசகருக்கும் தேடுபொறிக்கும் உரைவடிவமும் பயன்படுகின்றன. எனவே இரண்டையும் சேர்த்து வைப்பதே சிறந்த முறையாகக் கருதப்படுகின்றது.

பின்னணி

தமிழ் நூல்கள் ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குப் பெயர்வது இது முதன்முறை அன்று. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சிடப்பட்டது. எனினும் பழந்தமிழ் இலக்கியங்கள் பெருமளவில் ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டிலேயே ஆகும். ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோர் இப்பணியில் குறிப்பிடத்தக்கவர்கள். சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. உரிய காலத்தில் படியெடுக்கப்படாத சுவடிகள் செல்லரித்தும் நீரிலும் நெருப்பிலும் அழிந்தன. அச்சிலிருந்து எண்ணிமத்திற்குப் பெயரும் இன்றைய நிலையிலும் இதே சிக்கல் உள்ளது. பெயர்க்கப்படும் நூல்கள் பரவுகின்றன, பெயர்க்கப்படாதவை மறக்கப்படுகின்றன.

உலக அளவில் மின்னூலாக்கத்தின் தொடக்கமாகக் குட்டன்பர்க் திட்டம் கருதப்படுகின்றது. அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் பயின்ற மைக்கேல் ஆர்ட், 1971ஆம் ஆண்டு சூலை 4 அன்று அமெரிக்க விடுதலைச் சாற்றுரையைக் கணினியில் தட்டச்சு செய்து இத்திட்டத்தைத் தொடங்கினார். 1993இல் அடோபி நிறுவனம் பிடிஎஃப் வடிவத்தை வெளியிட்டது. 1998இல் ராக்கெட் ஈபுக், சாஃப்ட்புக் ஆகிய வாசிப்பான்கள் சந்தைக்கு வந்தன. 2004இல் சோனி நிறுவனம் மின்மைத் திரை கொண்ட லிப்ரியே என்னும் கருவியைச் சப்பானில் வெளியிட்டது. 2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டிலை அறிமுகப்படுத்திய பின்னரே மின்னூல் வணிகம் பெருகியது.

எழுத்துக் குறியேற்றம்

தமிழ் மின்னூல்களின் வரலாறு பெரும்பாலும் தமிழ் எழுத்துக் குறியேற்றத்தின் வரலாறே ஆகும். ஆங்கில எழுத்துகளுக்கு ஆஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் 1960களிலேயே அமைந்துவிட்டது. எனவே ஆர்ட் தட்டச்சு செய்த உரையை இன்றைய கணினியிலும் படிக்க முடியும். தமிழுக்கு அத்தகைய பொது ஏற்பாடு நெடுங்காலம் இருக்கவில்லை.

எட்டுப் பிட்டுக் குறியேற்றத்தில் 256 இடங்கள் மட்டுமே உள்ளன. இவற்றில் முதல் 128 ஆங்கிலத்திற்கு உரியவை. எஞ்சிய இடங்களில் 247 தமிழ் எழுத்துகளும் அடங்கா. இதனால் எழுத்துரு உருவாக்கிய ஒவ்வொருவரும் கொம்பு, கால், விசிறி முதலிய துண்டுகளைத் தத்தம் விருப்பப்படி அடுக்கினர். ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும்.

இச்சிக்கலைத் தீர்க்கப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. அவற்றுள் சில:

• திஸ்கி: இணையத்தில் கூடிய தமிழ் ஆர்வலர்கள் 1990களின் இறுதியில் உருவாக்கிய இருமொழிக் குறியேற்றம்.
• டாப், டாம்: 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற குறியேற்றங்கள். முன்னது இருமொழிக்கும், பின்னது தமிழுக்கு மட்டும் உரியது.
• ஒருங்குறி: உலக மொழிகள் அனைத்திற்கும் பொதுவான குறியேற்றம். 1991இல் வெளியான இதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் விண்டோசு 2000 முதலே விண்டோசு இயங்குதளத்தில் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவு கிடைத்தது.
• டேஸ் 16: ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியெண் வழங்கும் 16 பிட்டுக் குறியேற்றம். 2010 சூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாகவும், ஒருங்குறி இயங்காத மென்பொருள்களுக்கு மாற்றாக இதையும் அறிவித்தது.

ஒருங்குறி பரவிய பின்னரும் சில நுட்பச் சிக்கல்கள் எஞ்சியுள்ளன. எடுத்துக்காட்டாக, "கொ" என்னும் எழுத்தை ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும், கொம்பு, கால் என இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இவ்வேறுபாட்டை இயல்பாக்கம் செய்யாத மென்பொருள் ஒன்றைத் தேடினால் மற்றொன்றைக் காட்டாது. மேலும் ஒருங்குறியின் குறியெண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசையிலிருந்து மாறுபடுவதால், அகராதி, பொருளடைவு போன்றவற்றை அகரநிரலில் அடுக்கத் தனி விதிகள் தேவைப்படுகின்றன.

முக்கியத் திட்டங்கள்

மதுரைத் திட்டம்

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழ் மின்னூலாக்கத்தில் முன்னோடி முயற்சி ஆகும். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் இதை ஒருங்கிணைத்தார். பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வழங்கினர். தொடக்ககால நூல்கள் மயிலை, இணைமதி ஆகிய எழுத்துருக்களிலும், பின்னர் திஸ்கியிலும், அதன் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிடப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முந்தைய நூல்கள் புதிய குறியேற்றத்திற்கு மாற்றப்பட்டமையாலேயே அவை இன்றும் படிக்கத்தக்கனவாக உள்ளன.

நூலகம்

நூலகத் திட்டம் 2005இல் தொடங்கப்பட்டது. இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள், சிறப்பு மலர்கள், துண்டறிக்கைகள் முதலியவற்றை எண்ணிமமாக்கி இது பாதுகாக்கின்றது. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அடங்கும். ஒரே இடத்தில், ஒரே படியாக இருக்கும் ஆவணம் எவ்வளவு எளிதில் இல்லாமற் போகும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகச் சுட்டப்படுகின்றது.

பிற முயற்சிகள்

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன் 1994இல் சென்னையில் நிறுவப்பட்டது. செட்டிநாட்டைச் சேர்ந்த ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களே இதன் அடிப்படை. இங்கு முதலில் நுண்படங்களாகவும் பின்னர் எண்ணிம வடிவிலும் நூல்கள் படியெடுக்கப்பட்டன. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் தமிழ் மின்னூலகத்தைத் தொடங்கியது. 2013இல் தொடங்கப்பட்ட ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், இன்றைய எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தில் அளிக்கும் ஆக்கங்களை மின்னூலாக்கி இலவசமாக வழங்குகின்றது.

உருவாக்கும் முறை

அச்சு நூலை உரைவடிவ மின்னூலாக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நூல் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்தல். மற்றொன்று, பக்கங்களை வருடி எழுத்துணரி மென்பொருள் கொண்டு எழுத்துகளைப் பிரித்தெடுத்தல். 2010களில் தமிழ் எழுத்துணரிகள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டன. ஆயினும் பழைய நூல்களில் பிழைகள் மிகுதியாகவே ஏற்படுகின்றன. அதற்கான காரணங்கள் வருமாறு:

• 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய நூல்களில் ணை, லை, னை போன்றவையும் ணா, றா, னா போன்றவையும் பழைய வடிவங்களில் இருக்கும்.
• ரகரமும் துணைக்காலும் பல அச்சு எழுத்துருக்களில் ஒத்துத் தோன்றும்.
• மெய்யெழுத்தின் புள்ளி தேய்ந்த அச்சில் மறைந்துவிடும். புள்ளியைத் தாளின் கறையிலிருந்து பிரித்தறிவதும் கடினம்.
• எகர உயிரும் தமிழ் எண் ஏழும் ஒரே தோற்றம் உடையவை. ஔகாரத்தை ஒகரமும் ளகரமும் எனப் பிரித்து உணர்வதும் உண்டு.

இக்காரணங்களால் மனிதர் மெய்ப்புப் பார்ப்பது இன்றியமையாததாகின்றது. அச்சுப் படியில் ஒரு பிழை இருந்தால் அந்தப் பதிப்போடு நின்றுவிடக்கூடும். மின்னூலில் திருத்தப்படாத பிழையோ படியெடுக்கப்படும் இடமெல்லாம் பரவும்; தேடுபவரிடமிருந்து அச்சொல்லை மறைத்தும் விடும்.

கோப்பு வடிவங்கள்

பிடிஎஃப் வடிவம் பக்கத்தின் தோற்றத்தை நிலையாகக் காக்கின்றது. 2008இல் இது பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. ஆனால் தாளின் அளவுக்கேற்ப அமைந்த பக்கத்தைச் சிறிய கைபேசித் திரையில் படிப்பது எளிதன்று. ஈபப் வடிவம் இதற்கு மாறானது. இணையப் பக்கங்களை அமைக்கும் அதே நுட்பங்களில் எழுதப்பட்ட உரை, படங்கள், எழுத்துருக்கள் ஆகியவற்றின் சுருக்கப்பட்ட பொதியே ஈபப் கோப்பாகும். திரையின் அகலத்திற்கும் வாசகர் விரும்பும் எழுத்தளவிற்கும் ஏற்ப வரிகள் தாமே மாறியமையும். இதனால் நிலையான பக்க எண் என்பது இல்லாமற் போகின்றது. பக்க எண்ணைக் கொண்டு மேற்கோள் காட்டும் கல்வி மரபுக்கு இது ஒரு சிக்கலாகும். ஈபப் 2007இல் துறைத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2011இல் வெளிவந்தது.

தமிழ்ப் பதிப்பகங்கள் பல தம் நூல்களை நெடுங்காலம் பேஜ்மேக்கர் மென்பொருளில், ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களைக் கொண்டு வடிவமைத்தன. அக்கோப்புகளிலிருந்து பெறும் பிடிஎஃப் திரையில் தமிழாகவே தோன்றும். ஆனால் அதிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே கிடைக்கும். ஆகவே கணினியிலேயே உருவான நூல்கள்கூட, குறியேற்ற மாற்றிகள் மூலம் மாற்றி மீண்டும் மெய்ப்புப் பார்க்கப்பட்ட பின்னரே மின்னூலாகின்றன.

பதிப்புத் தொழிலில் மாற்றங்கள்

2016 திசம்பரில் அமேசான் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை வெளியிடத் தொடங்கியது. இதன் பின்னர் எழுத்தாளர் ஒருவர் பதிப்பாளரின் துணையின்றித் தாமே தம் நூலை விற்பனைக்கு வைக்க முடிந்தது. தமிழ் அச்சுப் பதிப்பில் எழுத்தாளருக்குப் பெரும்பாலும் விலையில் 10 விழுக்காடு உரிமைத்தொகையாக வழங்கப்படுகின்றது. கிண்டிலின் நேரடி வெளியீட்டு முறையில் நிபந்தனைகளுக்கேற்ப 35 அல்லது 70 விழுக்காடு வழங்கப்படுகின்றது. அயல்நாட்டு வாசகருக்கு அஞ்சற் செலவின்றி நூல் கிடைப்பதும், பழைய நூல்கள் இருப்பில் இல்லை என்னும் நிலை நீங்குவதும் பிற நன்மைகள் ஆகும்.

அதே வேளை, பதிப்பாசிரியர், மெய்ப்பாளர், வடிவமைப்பாளர் ஆகியோரின் பங்கு குறைந்து, செம்மையற்ற நூல்கள் பெருகும் வாய்ப்பும் உண்டு. செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட நூல்கள் பெருகியதை அடுத்து, 2023 செப்டம்பரில் அமேசான் ஒருவர் ஒரு நாளில் வெளியிடக்கூடிய புதிய நூல்களை மூன்றாக வரையறுத்தது.

எண்ணிம அச்சுமுறை அச்சு நூலையும் மாற்றியுள்ளது. முன்பு ஒரு பதிப்புக்கு ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு படிகள் அச்சிட்டு, அவை விற்கும் வரை பதிப்பாளர் முதலை முடக்கி வைக்க வேண்டியிருந்தது. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு படிகளோ அதற்கும் குறைவாகவோ அச்சிடலாம். மின்னூல்களின் வருகையால் அச்சு நூல் மறைந்துவிடவில்லை. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்றும் தமிழ்ப் பதிப்பாளரின் முதன்மையான சந்தையாக விளங்குகின்றது.

வரி விதிப்பிலும் இரண்டு வடிவங்களும் ஒன்றாக நடத்தப்படவில்லை. 2017இல் இந்தியாவில் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அச்சு நூலுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. மின்னூலுக்கு 18 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2018இல் அச்சு வடிவமும் உள்ள மின்னூல்களுக்கு மட்டும் இது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

பதிப்புரிமையும் நாட்டுடைமையும்

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கின்றது. அதன் பின்னர் நூலை எவரும் வெளியிடலாம். தமிழ்நாட்டில் இதனினும் முன்னதாகவே நூல்கள் பொதுவுடைமையாக ஒரு வழி உள்ளது. பாரதியாரின் ஆக்கங்கள் 1949இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதன் பின்னர் எழுத்தாளரின் மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை வழங்கி நூல்களை நாட்டுடைமை ஆக்குவதைத் தமிழ்நாடு அரசு வழக்கமாகக் கொண்டுள்ளது. 1954இல் மறைந்த கல்கியின் நூல்களுக்கு 2014 இறுதி வரை பதிப்புரிமை இருந்திருக்கும். 1999இல் அவை நாட்டுடைமை ஆனமையால், பொன்னியின் செல்வன் முதலிய நூல்கள் அதற்கு முன்பே இலவச மின்னூல்களாகக் கிடைத்தன.

பதிப்புரிமை நீடித்தும் உரிமையாளர் யார் என்பது தெரியாத நூல்கள் இத்துறையின் பெரும் இடையூறாகும். பதிப்பகம் மூடப்பட்டு, மரபுரிமையரும் அறியப்படாத நிலையில், அத்தகைய நூலை மறுபதிப்புச் செய்யவும் மின்னூலாக்கவும் எவரிடம் இசைவு பெறுவது என்பது தெளிவாக இல்லை. காலம் செல்லச் செல்ல அதன் தாள் மட்டும் மக்கிக்கொண்டிருக்கும். மறுபுறம், விற்பனையில் உள்ள நூல்கள் உரிமையாளரின் இசைவின்றிப் பிடிஎஃப் கோப்புகளாகப் பரப்பப்படுவது சிறு பதிப்பகங்களையும் எழுத்தாளர்களையும் பாதிக்கின்றது.

உடைமையும் உரிமமும்

அச்சு நூலை வாங்கியவர் அதைப் பிறருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், நூலகத்திற்கு அளிக்கலாம். வணிக மின்னூலை வாங்குபவர் பெரும்பாலும் படிப்பதற்கான உரிமத்தை மட்டுமே பெறுகின்றார். படியெடுப்பதைத் தடுக்கும் எண்ணிம உரிமை மேலாண்மை நுட்பங்களும் கோப்புடன் பிணைக்கப்படுகின்றன. இதன் விளைவுகளைப் பின்வரும் நிகழ்வுகள் காட்டுகின்றன.

• 2009 சூலையில், உரிய உரிமையின்றி விற்கப்பட்டவை எனக் கூறி, ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984, விலங்குப் பண்ணை ஆகிய நூல்களின் படிகளை அமேசான் வாசகர்களின் கிண்டில்களிலிருந்து நீக்கியது. பின்னர் அந்நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கோரினார்.
• 2019இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் விற்பனையை நிறுத்தியது. விற்ற நூல்களும் படிக்க முடியாதனவாயின. பணம் திருப்பி அளிக்கப்பட்டது.
• 2019 திசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், வாங்கிய மின்னூலை மறுவிற்பனை செய்ய உரிமையாளரின் இசைவு தேவை எனத் தீர்ப்பளித்தது.
• இணைய ஆவணக் காப்பகம் அச்சு நூல்களை வருடி இரவல் வழங்கியது பதிப்புரிமை மீறல் என 2023இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு உறுதி செய்யப்பட்டது.
• 2025 பிப்ரவரியில் அமேசான், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பி வழியாகக் கிண்டிலுக்கு மாற்றும் வசதியை நிறுத்தியது.

பார்வைக் குறைபாடு உடையோரும் மின்னூல்களும்

மின்னூலால் மிகுந்த பயன் பெறுவோருள் பார்வைக் குறைபாடு உடையோர் முதன்மையானவர்கள். ஒருங்குறி உரையைத் திரைப்படிப்பான் மென்பொருள் கொண்டு ஒலியாகக் கேட்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், பிரெய்லாக மாற்றலாம். படவடிவ மின்னூலும், பழைய எழுத்துருவில் அமைந்த பிடிஎஃப் கோப்பும் இவர்களுக்குப் பயன்படுவதில்லை. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்குவதற்குப் பதிப்புரிமை விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. இதே நோக்குடன் 2013இல் உருவான மராக்கேசு உடன்படிக்கைக்கு முதலில் பின்னேற்பு வழங்கிய நாடு இந்தியா ஆகும். இவ்வுடன்படிக்கை 2016இல் நடைமுறைக்கு வந்தது.

நெடுங்காலப் பாதுகாப்பு

நல்ல தாளில் அச்சிட்ட நூல் ஒன்று கவனிப்பாரின்றி அலமாரியில் நூறாண்டு இருக்கக்கூடும். வன்தட்டு, குறுந்தகடு போன்றவற்றுக்கு அத்தகைய ஆயுள் இல்லை. மின்னூலைக் காப்பது என்பது தொடர்ந்து செய்ய வேண்டிய பணியாகும். பொதுவாகப் பின்பற்றப்படும் நெறிகள்:

• படிகளை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நிறுவனங்களின் பொறுப்பில் வைத்தல்.
• ஒருங்குறியையும், விவரக்குறிப்பு வெளியிடப்பட்ட திறந்த கோப்பு வடிவங்களையும் பயன்படுத்தல்.
• உரையுடன் மூலநூலின் பக்கப் படங்களையும் சேர்த்து வைத்தல்.
• நூற்பெயர், ஆசிரியர், பதிப்பு, ஆண்டு முதலிய விவரங்களைக் கோப்பிலேயே பதிதல்.
• குறியேற்றமோ வடிவமோ வழக்கொழியும் முன்னர்ப் புதியதற்கு மாற்றுதல்.

சுவடிக் காலத்திலும் பழுதுற்ற ஏட்டைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியே நூல்கள் காக்கப்பட்டன. எண்ணிமக் காலத்திலும் பெயர்த்தெழுதுவோர் இருக்கும் வரையே நூல் நிலைக்கும்.

இவற்றையும் பார்க்க

• குட்டன்பர்க் திட்டம்
• மதுரைத் திட்டம்
• நூலகத் திட்டம்
• ஒருங்குறி
• தமிழ் எழுத்துச் சீர்திருத்தம்
• நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள்